மேல்பூச்சு பற்றி நான் எழுதியதை நம்பாதீர்கள்

"எந்தக் கைன்னுதான் கேக்கறேன்க்கா. 'என் கையால் தேய்த்து மெருகேற்றினேன்'னு எழுதி வச்சிருக்காரு. அது எந்தக் கை? உன் கைதானே?"

"மெதுவா பேசுடா. அவரு அடுத்த ரூம்லதான் இருக்காரு."

"இருக்கட்டுமே. அன்னைக்கு நான் வந்தப்ப இதே மேசையில நீதானே உக்காந்து தேய்ச்சிட்டிருந்த? விரலெல்லாம் ஊறவச்ச கடலை மாதிரி ஆயிருந்துச்சு. நான்கூட கிண்டல் பண்ணேன்ல?"

பேசியவன் என் மச்சான், என் மனைவியின் தம்பி. வாடகைக் கார் ஓட்டுகிறான், ஓய்வு நேரத்தில் நண்பர்களோடு சேர்ந்து கிட்டார் வாசிக்கிறான். அவனும் கிட்டார் செய்பவர்களுக்கான நம் இணையக் குழுவில் இருக்கிறான் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. ஒரு வரி எழுத மாட்டான், ஆனால் ஒரு வரி விடாமல் படிப்பான்.

நான் பின்னறையில் இருந்தேன். பட்டறை என்று பெருமையாக இங்கே எழுதுவேனே, அது இந்த அறைதான். துணி துவைக்கும் மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மேசை. சமையலறைக்கும் இதற்கும் இடையிலுள்ள சுவரில், பழைய புகைக் காற்றாடியைக் கழற்றிய ஓட்டை அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் எனக்குத் தும்மல் வரும். பேச்சும் அப்படித்தான் வரும்.

நான் செய்துகொண்டிருந்த எலெக்ட்ரிக் கிட்டார் மேசைமேல் குப்புறக் கிடந்தது. முதுகுப் பக்கத்தில் ஒயர்கள் போகும் குழி திறந்திருந்தது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் அடியில் கடைசி ஒயரைப் பற்றவைக்க வேண்டும். அது முடிந்தால் மூடி போட்டு, கம்பி மாட்டி, வாசித்துப் பார்க்கலாம். ஈயத்தை உருக்கும் பற்றுக்கோல் சூடேறிக் கையில் இருந்தது. அதை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். ஒயர் என்றால் பயமில்லை. மரமும் ஓரளவு வசப்பட்டுவிட்டது. கிட்டாரின் உடம்பை அறுத்ததும், குழி தோண்டியதும், கழுத்தைப் பொருத்தியதும், அதில் குறுக்கே உலோகப் பட்டைகள் அடித்ததும் நான்தான். அதில் பொய் இல்லை. பூச்சு வேலைதான் எனக்கு ஆகாது. காய்வதற்குள் தொட்டுப் பார்க்கிற ஜாதி நான். முதலில் செய்த உடம்பில் என் கட்டைவிரல் ரேகை இன்னும் இருக்கிறது, போலீஸ்காரர் வந்தால் சௌகரியம்.

என் மனைவி வேலை செய்வது பல்செட் செய்யும் கூடத்தில். மெருகேற்றுவதுதான் அங்கே அவள் வேலை. நான் இரண்டாவது உடம்பில் நீலச்சாயம் ஏற்றிவிட்டு, அதன்மேல் அடிப்பூச்சு அடித்துத் தேய்ப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இப்படிக் குடுங்க. நீங்க தேய்ச்சா இது மறுபடி பலகையாயிடும்" என்று வாங்கிக்கொண்டாள். பூச்சு முடியும்வரை அது என் கைக்கு வரவில்லை.

மேல்பூச்சை மெலிதாக, ஈரம் தெரியாத அளவுக்கு மெலிதாக, பல தடவை அடித்தது அவள். அடித்ததைக் காயவைக்க எங்கள் பீரோவில் என் சட்டைகளுக்கு நடுவில் தொங்கவிட்டது அவள். நான் தொட்டுவிடுவேன் என்று பீரோச் சாவியைத் தன்னோடு வேலைக்குக் கொண்டுபோனாள். வாரக்கணக்கில் நான் சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். பிறகு தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தது, மெருகுப் பசை போட்டு மினுக்கியது எல்லாமே அவள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பாள். ஏன் கண்ணை மூடுகிறாய் என்று கேட்டேன். பல்செட்டைச் சோதிப்பது கண் இல்லையாம், நாக்காம். நாக்குக்குத் தெரியாத மேடு பள்ளம் உலகத்தில் இல்லையாம்.

அந்தக் கிட்டாரைத்தான் நான் படம் எடுத்து இங்கே போட்டேன். படத்தில் என் கை, என் கடிகாரம், என் மேசை. "முழுக்க முழுக்க என் கையால் தேய்த்து மெருகேற்றினேன்" என்று மேலே ஒரு வரி. நீங்கள் எல்லோரும் கண்ணாடி மாதிரி இருக்கிறது, முகம் பார்த்துச் சவரம் பண்ணலாம் என்றெல்லாம் எழுதினீர்கள். கழுத்தைப் பற்றியோ ஒயரைப் பற்றியோ ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது அந்த மெருகைப் பற்றித்தான். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

குழுவில் முகத்துக்குப் பதிலாகச் சுத்தியல் படம் வைத்திருப்பவரை எல்லோருக்கும் தெரியும். சுத்தியல் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறோம். மரவேலையில் கில்லாடி, பூச்சுக்குப் புதியவர். மகளுக்காக ஒரு கிட்டார் செய்து, மேல்பூச்சு வரைக்கும் முடித்துக் காயவைத்திருந்தார். "தம்பி, எந்த எண் உப்புத்தாள், எங்கே ஆரம்பிச்சு எங்கே முடிக்கணும், விவரமா எழுதுங்க. விடுமுறை அன்னைக்கு உக்காரலாம்னு இருக்கேன்" என்று கேட்டார்.

மனைவியிடம் கேட்டு எழுதியிருக்கலாம். எதற்குக் கேட்கிறீர்கள் என்பாளே என்று கேட்கவில்லை. அவள் வேலை செய்தபோது அரைகுறையாகக் காதில் விழுந்ததை வைத்து வாத்தியார் மாதிரி நீளமாக எழுதினேன். நானூறாம் எண்ணில் ஆரம்பியுங்கள், ஓரம் வளைவு எல்லாவற்றையும் சேர்த்தே ஓட்டுங்கள் என்று எழுதினேன். அவர் கும்பிடு போட்டு நன்றி சொன்னார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

இதைத்தான் என் மச்சான் படித்துவிட்டு வந்து, இன்றைக்கு, அந்த விடுமுறை நாளில், சமையலறையில் குதித்துக்கொண்டிருந்தான்.

குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது. பிறகு என் மனைவி பேசினாள். மெதுவாகப் பேசச் சொன்னவள், தான் பேசும்போது வழக்கத்தைவிடச் சத்தமாகவே பேசினாள்.

"நான் என்னடா பெருசா பண்ணேன்? துணி எடுத்துக் குடுத்தேன், தண்ணி மாத்திக் குடுத்தேன். நீ வந்த நேரத்துல சும்மா ரெண்டு இழுப்பு இழுத்திருப்பேன். மத்ததெல்லாம் அவருதான்."

"நெஜமாவா?"

"பின்ன? என் வேலையே எனக்கு ஏகப்பட்டது கெடக்கு. அதுல இது வேறயா?"

மச்சானின் சுருதி இறங்கிவிட்டது. தெரியாமல் பேசிவிட்டதாகச் சொன்னான். பிறகு சமையலறையில் யாரும் எதுவும் பேசவில்லை. அந்த அமைதி நீண்டது. நான் நாலு எட்டு வைத்து உள்ளே போய், "அவ சொல்றது பொய்டா" என்று சொல்வதற்குத் தாராளமாக நேரம் இருந்தது. நான் காதில் விழாதவன் மாதிரி ஒயர் பக்கம் குனிந்தேன். அப்பாடா என்று இருந்தது. அதைச் சொல்லவே கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

கவனம் ஒயரில் இல்லை. பற்றுக்கோலின் முனையிலிருந்து உருகிய ஈயம் ஒரு சொட்டு, வாசிப்பவரின் வயிற்றுக்கு இதமாக இருக்கட்டும் என்று முதுகில் சரித்துச் செதுக்கியிருந்த வளைவின் ஓரத்தில் விழுந்தது. துண்டு போட்டு மூடிக்கொண்டு பற்றவைப்பதுதான் வழக்கம். இன்றைக்குப் போடவில்லை. சொட்டைத் தட்டிவிட்டால் கீழே பூச்சு பொரிந்து ஒரு சின்ன வடு.

அவளைக் கூப்பிட முகமில்லை. நானே சரிசெய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எப்படிச் செய்வது? நான்தான் எழுதியிருக்கிறேனே! கைபேசியை எடுத்து, சுத்தியல் அண்ணனுக்கு நான் எழுதிய பதிலை நானே திறந்துவைத்துக்கொண்டு, நானூறாம் எண் உப்புத்தாளை நனைத்து, வளைவோடு சேர்த்து ஓட்டினேன். தண்ணீர் முதலில் பால் மாதிரி வந்தது. அடுத்து நீலமாக வந்தது. துடைத்துப் பார்த்தால் நீலத்தின் நடுவில் நகத்தளவு வெறும் மரம் பல்லை இளித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நானூறு அடிப்பூச்சுக்கு. மேல்பூச்சுக்கு அவள் எடுத்தது எண் கூடிய, மென்மையான வேறு தாள், கையில் தடவினால் காகிதம் மாதிரி இருக்கும். ஓரங்களில் தாளே படாது, கடைசியில் பசையும் விரலும் மட்டும்தான். எல்லாம் தெளிவாக ஞாபகம் வந்தது, கெட்ட பிறகு.

அடுத்த நினைப்பு சுத்தியல் அண்ணன். அவர் உட்காருவதாகச் சொன்ன விடுமுறையும் இன்றுதான். "நிறுத்துங்கள்" என்று எழுதப் போனேன். எழுதினால், அப்போ உங்களுடையது எப்படி வந்தது என்று நாலு பேர் கேட்பார்கள். கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். குழிக்கு மூடி போட்டேன். கம்பிகளை மாட்டி, சுருதி சேர்த்து, கம்பியின் உயரத்தைத் திருகிச் சரிபார்த்தேன். ஆசை ஆசையாகக் காத்திருந்த வேலை. பிணத்துக்குத் தலை வாரிவிடுவது மாதிரி செய்து முடித்தேன்.

மச்சான் வந்து வாசலில் நின்றான்.

"மாமா, அக்காகிட்ட உங்களைப் பத்தி கொஞ்சம் தப்பாப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"பரவால்ல மச்சான். இதுல என்ன இருக்கு" என்றேன்.

மன்னித்தேன். அவன் தோளில் தட்டிக்கூடக் கொடுத்தேன். அவனுக்குப் பின்னால் என் மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கதையில் நான் செய்த எல்லாவற்றையும்விட அந்தத் தோள்தட்டல்தான் என்னை அதிகமாக அரிக்கிறது.

வாசித்துப் பார்க்கட்டுமா என்று மச்சான் கேட்டான். அவள்தான் மேசையிலிருந்து கிட்டாரை எடுத்தாள். முதுகில் கை கொடுத்துத் தூக்கினாள். விரல் ஒரு இடத்தில் நின்றது. கண்கள் ஒருமுறை மூடித் திறந்தன. முதுகுப் பக்கம் அவன் வயிற்றோடு படும்படி தம்பி மடியில் வைத்தாள். அவன் வாசித்தான். நன்றாகத்தான் இருந்தது. தெளிவான, கனமான சத்தம், கரகரப்பே இல்லை. "மாமா, பின்னிட்டீங்க" என்றான். எனக்குக் காது அடைத்துப்போயிருந்தது.

அவன் போனதும் அவள் கிட்டாரைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது எப்ப ஆச்சு?"

"நீங்க ரெண்டு பேரும் பேசிட்டிருந்தப்ப."

"அப்ப எல்லாத்தையும் கேட்டீங்க."

தலையாட்டினேன்.

"அந்த ஓட்டை வழியா எல்லாம் கேக்கும்னு எனக்குத் தெரியாதா? கேக்கட்டும்னுதான் சத்தமா சொன்னேன். வருவீங்க, 'இல்லடா, உங்கக்காதான் பண்ணா'ன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு நெனச்சேன். ரொம்ப நேரம் பாத்தேன்."

நான் பற்றுக்கோலின் ஒயரைச் சுற்றிவைத்தேன்.

"உங்களைக் காப்பாத்த சொன்னேன்னு நெனச்சுக்காதீங்க. இப்படி ஒரு ஆளைக் கட்டிக்கிட்டிருக்கேன்னு என் தம்பி முன்னாடி நான் நிக்கக் கூடாதுல்ல, அதுக்குத்தான்."

அவனைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லிக்கொள்ளுங்கள் என்பது மாதிரி கையை அசைத்துவிட்டு, அந்த வெறும் மரத்தை மறுபடி தடவினாள். எந்தத் தாளால் தேய்த்தீர்கள் என்று கேட்டாள். நானூறு என்றேன். மேல்பூச்சில் நானூறா, யார் சொன்னது என்றாள். வேறு வழியில்லாமல் கைபேசியை நீட்டினேன். என் பதிலையும், அதற்குக் கீழே அவர் போட்ட கும்பிடையும் முழுவதும் படித்தாள். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவள் திட்டவில்லை.

"இந்தாளு ஆரம்பிச்சுட்டாரா?"

"தெரியல."

"தெரியலையா? நம்மளோடது கெட்டதும் அவருக்குச் சொல்லலையா நீங்க? உங்க பேரு கெடக்கட்டுங்க. அந்த மனுஷன் பொண்ணுக்குப் பண்ணிட்டு உக்காந்திருக்காரு."

மச்சானுக்குப் போன் போட்டு, அவள் எதிரிலேயே உண்மையைச் சொன்னேன். "சரி மாமா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். அதன் பிறகு இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன். முதலில் "என் மனைவியும் உதவினாள்" என்று தொடங்கினேன். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தவள், "உதவியா? துணி எடுத்துக் குடுத்தது யாரு? நீங்கதானே? அப்ப உதவி நீங்க" என்றாள். அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். மேலே நீங்கள் படித்தது அதுதான்.

அந்தக் கிட்டாரின் பூச்சு முழுக்க என் மனைவி செய்தது. அதைப் பற்றி நான் எழுதிய பதிலை நீக்கிவிட்டேன். யாராவது அதைச் சேமித்து வைத்திருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். இனி மேல்பூச்சு பற்றிய கேள்விகளுக்கு அவளே பதில் சொல்வாள்.

என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், தாங்கிக்கொள்கிறேன். நேர்மைக்குப் பாராட்டு என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.

சுத்தியல் அண்ணே, உங்களுக்குத் தனியாகவும் செய்தி அனுப்பினேன், நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. தேய்க்க ஆரம்பித்துவிட்டீர்களா? ஆரம்பித்திருந்தால் எந்த இடத்தில் நிற்கிறீர்கள், தண்ணீர் வெள்ளையாக வருகிறதா, நிறமாக வருகிறதா? நிறம் வந்திருந்தாலும் சொல்லுங்கள், மேலே தொடாமல் அப்படியே வையுங்கள், சரிசெய்து தரலாம் என்று அவள் சொல்கிறாள். பதிலுக்காகக் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஒரே ஒரு வரி போதும். இங்கேயே எழுதுங்கள்.