முப்பத்தொரு வருஷத்து மேடை

சமையல் மேடையை மாற்றியே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றது நான்தான். புதுக்குடித்தனம் வந்த மாதம் போட்ட மொசைக் மேடை. முப்பத்தொரு வருஷம் ஆகிறது. அன்று கொத்தனார் சிமென்ட்டைப் பரப்பப் பரப்ப, பச்சைக் கல் சில்லு இங்கே, சிவப்புச் சில்லு அங்கே என்று என் மனைவி எதிரே குந்தி உட்கார்ந்து அதிகாரம் பண்ணினாள். "மேஸ்திரி நானா, நீங்களாம்மா?" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த மேடை மூலையில் உட்கார்ந்துதான் எங்கள் மகள் வாய்ப்பாடு படித்தாள். பின்னால் ஒருநாள், ஒருத்தரைப் பிடித்திருக்கிறது என்றும் சொன்னாள். இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. அதற்காக, சில்லு பெயர்ந்து மேடும் பள்ளமுமாகக் கிடப்பதைக் கட்டிக்கொண்டு அழ முடியுமா?

கல் கடைக்கு அவளை இழுத்துப் போனேன். கடைக்காரர் வெள்ளைக் குவார்ட்ஸை வாய் வலிக்கப் புகழ்ந்துவிட்டு, வேறு சில துண்டுகளையும் எடுத்து வைத்தார். அவள் ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் தடவி உதட்டைப் பிதுக்கினாள்.

"என்ன, துணிக்கடைன்னு நெனச்சியா?" என்றபடி, முகம் தெரியும் கறுப்புக் கிரானைட்டை அவள் முன்னால் நகர்த்தினேன். "இது எப்படி?"

"வெள்ளை நல்லாத்தான் இருக்கு. ஆனா கறை தெரியுமே" என்றாள்.

வம்பு பண்ணுகிறாள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கடைக்காரர் நகர்ந்ததும், "எவ்வளவு நாளா?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷமா. இப்ப நிழலாட்டம்தான் தெரியுது. டாக்டர்கிட்ட தனியாப் போனேன். சரியாகாதாம்."

இரண்டு வருஷமாகத் தினமும் அவளுக்குப் பேப்பர் படித்துக் காட்டியிருக்கிறேன். என் குரலில் மயங்கித்தான் கேட்கிறாள் என்று பெருமை வேறு.

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"சொன்னா அன்னிக்கே அடுப்புப் பக்கம் போகாதேம்பீங்க. எந்தப் பள்ளத்துக்கிட்ட அடுப்பு, எந்தச் சொரசொரப்புல கத்தின்னு என் கைக்குத் தெரியும். இந்த வழவழப்புல எதை வச்சுங்க கண்டுபிடிப்பேன்?"

திரும்பி வந்த கடைக்காரரிடம், "கல்லு வேணாங்க" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் என் கண்ணை மூடச் சொல்லி, என் கையைப் பிடித்து மேடைமேல் வைத்தாள். ஒவ்வொரு இடமாக, இங்கே என்ன இருக்கும் என்று கேட்டாள். எல்லாவற்றையும் தப்பாகச் சொன்னேன்.

"முப்பத்தொரு வருஷமா இந்தப் பக்கம் வந்திருந்தாத்தானே?" என்று என் விரலைத் தட்டிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.