எண்ணெய் படக்கூடாத இடம்

லோகேஸ்வரனுக்குக் கிறீச் சத்தம் மட்டும் ஆகவே ஆகாது. வீட்டில் மனிதர்கள் கத்தினால் பொறுத்துக்கொள்வான். ஒரு கட்டை இன்னொரு கட்டையோடு உரசி முனகினால் போதும், சோற்றில் கை வைத்திருந்தாலும் உதறிவிட்டு எழுந்துவிடுவான். பட்டுத் தறியில் உட்கார்ந்தே வளர்ந்த காது அது. மிதி முனகினால் மிதிக்கு ஒரு சொட்டு, தலைக்கு மேலே பூவேலை போடும் ஜக்கார்டு பெட்டி முனகினால் அதற்கு ஒரு சொட்டு. நீண்ட மூக்குள்ள எண்ணெய்க் குப்பியை எடுத்து அவன் சொட்டு விடும் பக்குவத்தைப் பார்க்க வேண்டும். கீழே நீளமாக விரிந்திருக்கும் பட்டு நூல் பாவில் ஒரு பொட்டுகூட விழாது. விழுந்தால் புடவையே போச்சு! இந்த ஒரு விஷயத்தில் பிள்ளையார்பாளையத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தப் பெருமைதான் அவனைக் கவிழ்த்தது.

அவன் மனைவி சுகாசினி கார் ஓட்டுகிறாள். சொந்தக் கார்தான், பழைய வெள்ளைக் கார். வெளியூரிலிருந்து புடவை எடுக்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு வந்து, கடைகடையாக இறக்கி, நடுவில் கோயிலையும் காட்டி, திரும்பக் கொண்டுபோய் விடுவது அவள் தொழில். இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை. அதற்கு முன்னால் வீட்டில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்ததிலிருந்து அவள் நடையே மாறிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். மாறித்தான் இருந்தது. லோகேஸ்வரனுக்கு அந்த நடை ரொம்பப் பிடித்திருந்தது. வாயைத் திறந்து சொன்னதில்லை, அவ்வளவுதான்.

தெருவுக்கு அவள்மேல் ஒரு கண். எப்போது எதில் மோதுவாள், எப்போது பழையபடி ராட்டை முன்னால் வந்து உட்காருவாள் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கும் தெரியும். "ஒரு தபா எங்கனா இடிச்சேன்னு வையி மாமா, அப்புறம் என்னால வண்டியத் தொடவே முடியாது" என்று அவனிடம் சொல்லியிருக்கிறாள். அவள் பயமெல்லாம் அந்த ஒன்றில்தான் இருந்தது.

கொஞ்ச நாளாக அந்தக் காரின் இடது முன்சக்கரம், பிரேக் போட்டால் கத்த ஆரம்பித்தது. சாதாரணக் கத்தல் இல்லை. அதே தெருவில் ஆட்டோ ஓட்டும் பழனி, "அக்கா வண்டிக்கு ஹாரனே தேவையில்லப்பா" என்று ஸ்டாண்டில் எல்லோரையும் சிரிக்க வைத்தான். சுகாசினி மெக்கானிக் விமல்ராஜிடம் சொன்னாள். விமல்ராஜ் லோகேஸ்வரனுக்குச் சின்ன வயதுச் சேக்காளி. "பிரேக் பேடு தேஞ்சிருக்கும்மா. புதுசு வாங்கிக்கினு வெள்ளிக்கிழமை வூட்டாண்டயே வரேன்" என்றான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். மெதுவாகப் போய்வந்து மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் குளிக்கப் போனாள். லோகேஸ்வரன் வாசலில் நின்ற காரைப் பார்த்தான். கல்யாண வீட்டார் உட்கார்ந்திருக்கும்போது இது கத்தித் தொலைத்தால் அவளுக்கு எவ்வளவு அவமானம்! அவன் குனிந்து சக்கரத்தின் ஓட்டை வழியாக உள்ளே பார்த்தான். பளபளவென்று ஓர் இரும்புத் தட்டு தெரிந்தது. அதன்மேல் ஏதோ உரசியிருக்கும் கோடும் தெரிந்தது. அட, உரசுகிற இடம் காய்ந்து கிடக்கிறது, வேறென்ன? உள்ளே போய்க் குப்பியை எடுத்துவந்தான். மிதிக்கு ஒரு சொட்டு விடுகிறவன், மனைவியின் கார் என்பதால் தாராளமாகவே விட்டான்.

கார் கிளம்பித் தெருமுனையில் நின்று திரும்பியது. சத்தமே இல்லை. லோகேஸ்வரன் சிரித்துக்கொண்டே தறியில் போய் உட்கார்ந்தான். சாயங்காலம் அவளே வியந்து கேட்கட்டும், அப்போது சொல்லலாம் என்று வைத்துக்கொண்டான்.

அரைமணி கழித்து விமல்ராஜ் வந்தான்.

"வண்டி எங்கடா?"

"சவாரிக்குப் போயிருக்குது. நீ லேட்டுடா. நானே சரி பண்ணிட்டேன்."

"நீயா? இன்னா பண்ண?"

"எண்ணெய் வுட்டேன். கப்புனு அடங்கிப்பூட்ச்சு."

விமல்ராஜின் கையிலிருந்த புதுப் பேடு டப்பா கீழே விழுந்தது. "எங்க வுட்ட?"

"அதான், பளபளன்னு ஒரு தட்டு இருக்குதே, அதுமேல."

"டேய், பாவி! அந்தத் தட்ட பேடு கவ்விப் புடிச்சாத்தான்டா வண்டி நிக்கும். அதுல போயி எண்ணெய வுட்டா எத்தக் கவ்வும்?"

தறிக்குப் பாவு எப்படியோ, காருக்கு அந்தத் தட்டு அப்படி. எண்ணெய் படவே கூடாத இடம் அது. லோகேஸ்வரன் தன் பக்குவத்தையெல்லாம் காட்டிக் குறிபார்த்து அங்கேதான் விட்டிருக்கிறான்.

போன் அடித்தான். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவள் போனைத் தொடமாட்டாள். விழுந்த டப்பாவையும் பொறுக்கிக்கொண்டு, விமல்ராஜின் பைக்கில் தொற்றிப் பறந்தான். வழியெல்லாம் காமாட்சியையும் வரதராஜரையும் மாற்றிமாற்றிக் கும்பிட்டான். அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. அதைத் தவிர அவன் மனதில் வேறெதுவும் இல்லை.

பொன்னேரிக்கரைக்குக் கொஞ்சம் முன்னால், சாலையோரம் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் மூக்கைச் செருகிக்கொண்டு வெள்ளைக் கார் நின்றது. பக்கத்தில், அந்த வழியாக வந்த பழனியின் ஆட்டோ. சுகாசினி ஜல்லிமேல் உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, வேறு காயம் இல்லை. லோகேஸ்வரன் ஓடிப்போய் அவள் தலையையும் தோளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

"மாடு குறுக்க வந்திடுச்சு மாமா" என்றாள் அவள். "பிரேக்க மிதிச்சேன். என் கை அதுவா வலதுபக்கம் திருப்பிடுச்சு. எதுர்ல பஸ்ஸு வந்துக்கினு இருக்குது. எப்பிடியோ இழுத்து இங்க வுட்டேன். நான் சொல்றத என் கை கேக்கல மாமா."

பழனி தண்ணீர் பாட்டிலை நீட்டினான். கிண்டல்காரனே தவிரக் கெட்டவன் இல்லை. "வுடுக்கா. இது அல்லாருக்கும் வர்ற வேலை இல்ல. உசுரோட இருக்கிறியே, அது போதும். நிம்மதியா வூட்டப் பாத்துக்கினு இரு."

சுகாசினி கார்ச் சாவியை எடுத்துக் கணவனிடம் நீட்டினாள். "வித்துடு மாமா. எனக்கு வேணாம்."

விமல்ராஜ் உண்மையைச் சொல்ல வேண்டியவனே சொல்லட்டும் என்று விட்டுவிட்டான். லோகேஸ்வரனுக்கு ஒரு யோசனை ஓடியது, மறைப்பானேன்? இங்கே வேண்டாம், வீட்டுக்குப் போய்த் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். பழனி காதில் விழுந்தால் ஊர் முழுக்க டமாரம்தான். பொண்டாட்டி பிரேக்குக்கு எண்ணெய் விட்டவன் என்ற பேர் ஆயுசுக்கும் போகாது. ஆனால் சாவியைக் கொடுத்தவள் காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைப் பார்த்த பிறகு அவனால் தள்ளிப்போட முடியவில்லை.

"பழனி, நல்லாக் கேட்டுக்க" என்றான், சத்தமாக. "அவ மேல தப்பே இல்ல. சத்தம் வருதேன்னு நான்தான் காலைல பிரேக்குல எண்ணெய் வுட்டேன். தறிக்கு வுடுற மாதிரி வுட்டேன். அவளுக்குத் தெரியாது."

பழனி வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்து, சுகாசினியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அவள் திட்டுவாள், அறைந்தாலும் அறைவாள் என்று லோகேஸ்வரன் நின்றான். அவளோ விமல்ராஜைப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப... என் கை திருப்பலயாண்ணா?"

"இல்லம்மா. எடது பக்கம் எண்ணெய், புடிக்கல. வலது பக்கம் மட்டும் புடிச்சா வண்டி வலப்பக்கந்தான் இழுக்கும். பஸ்ஸுக்கு நேராப் போன வண்டிய நீ மல்லுக்கட்டி இந்தப் பக்கம் கொண்டாந்திருக்குற. என்னால ஆயிருக்குமான்னு தெரியல."

சுகாசினி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மாடு வந்தபோதும் அழாதவள், ஜல்லியில் மோதியபோதும் அழாதவள், இப்போது குலுங்கிக் குலுங்கி அழுதாள். லோகேஸ்வரன் பக்கத்தில் உட்காரப் போனான். அழுதபடியே அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அது அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பழனியின் கயிற்றைக் கட்டிக் காரைப் பின்னால் இழுத்தார்கள். பம்பர் நசுங்கியிருந்ததே தவிர மற்றதெல்லாம் சரியாக இருந்தது. பழனி ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போனான். போகிற வேகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, செய்தி அவன் வயிற்றில் நிற்காது.

விமல்ராஜ் சக்கரத்தைக் கழற்றி, எண்ணெய் குடித்த பேடை வெளியே எடுத்தான். தேய்ந்து காகிதமாகியிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு சின்னத் தகடு நீட்டிக்கொண்டிருந்தது. "இதாம்மா கத்துனது. பேடு தீர்ந்துடுச்சு, மாத்துன்னு சொல்றதுக்கே கம்பெனில இத்த வெச்சிருக்கான். அது கத்துச்சு, இவன் வாய அடைச்சிட்டான்."

லோகேஸ்வரன் அந்தப் பேடை வாங்கிப் புரட்டிப் பார்த்தான்.

விமல்ராஜ் தட்டைப் பெட்ரோல் துணியால் திரும்பத் திரும்பத் துடைத்துக் காயவிட்டான். இரண்டு பக்கமும் புதுப் பேடு மாட்டினான். மாட்டுமுன் பேடின் முதுகுப் பக்கம் மட்டும் விரலால் துளி கிரீஸ் தடவினான். கவ்வுகிற முகத்தில் ஒரு பொட்டுகூடப் படாமல் தடவியதை லோகேஸ்வரன் கண்கொட்டாமல் பார்த்தான். பிரேக்கைப் பலமுறை அழுத்தச் சொல்லி, "நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துடறேன்" என்று விமல்ராஜ் கதவைத் திறந்தான்.

"நகருண்ணா" என்றாள் சுகாசினி.

பக்கத்து மண்சாலையில் மெதுவாகப் போய் நிறுத்தினாள். கொஞ்சம் வேகம் எடுத்து நிறுத்தினாள். இன்னும் வேகம் எடுத்து, ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்தபடி நிறுத்தினாள். கார் நூல் பிடித்தாற்போல நேராக நின்றது. திரும்பி வந்து, கல்யாண வீட்டாருக்குப் போன் போட்டுக் கொஞ்சம் நேரமாகும் என்று சொன்னாள்.

"நானும் கூட வரட்டா?" என்றான் லோகேஸ்வரன்.

"வேணாம். வூட்டுக்குப் போ" என்றாள். கார் பெரிய சாலையில் ஏறி மறைந்தது.

அவன் தெருவுக்குள் நுழைந்தபோது, பழனி தன் வேலையைக் கச்சிதமாக முடித்திருந்தான். டீக்கடையில் ஒருவர், "நல்லெண்ணெய் வுட்டியா, வெளக்கெண்ணெயா?" என்று கேட்டார். இன்னொருவர், தன் ஸ்கூட்டருக்கும் ஒரு சொட்டு வேண்டும் என்றார். லோகேஸ்வரனும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான். "ஆமா, நான்தான் வுட்டேன். அந்த எடத்துல அவ இல்லாம வேற யாருனா ஓட்டியிருந்தா, எதுர்ல வந்த பஸ்ஸுலதான் போயி மோதியிருக்கும்" என்றான்.

சிரித்தவர்களும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். நசுங்கிய பம்பரோடு கார் சாயங்காலம் தெருவுக்குள் வந்தபோது, சுகாசினிக்கு ஓட்டத் தெரியாது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.