பழைய குழியில் தண்ணீர்

சுரங்கத்தில் இறங்குகிறவன் வாசலிலேயே ஃபோனைக் கொடுத்துவிட வேண்டும். கீழே வெடி வைப்பார்கள். ஃபோனால் அது முன்னாடியே வெடித்துத் தொலைக்குமோ என்று பயம். காலை ஆறு மணிக்குக் காவலாளியிடம் கொடுத்தால் மூன்று மணிக்குத்தான் திரும்பக் கிடைக்கும். தண்ணீர் இறைக்கும் பம்ப்பைப் பார்த்துக்கொள்ளும் எனக்குப் பதினோரு வருடமாக அப்படித்தான்.

அன்று நான் மேலே வந்ததும், "நீ செத்துட்டதா சொன்னாங்களேப்பா" என்று காவலாளி ஃபோனை நீட்டினார். அக்கா முப்பத்தொரு முறை கூப்பிட்டிருந்தாள். கூடவே ஒரு செய்தி: எங்கள் சுரங்கத்தில் வெள்ளம், உள்ளே ஆட்கள் சிக்கியிருக்கிறார்கள். படமும் போட்டிருந்தார்கள்.

அது நான் எடுத்த படம். மண் கழுவுவதற்காக, சுரங்கத்துக்கு வெளியே இருக்கும் பழைய குழி ஒன்றில் நாங்களே தண்ணீர் நிரப்பி வைப்போம். மூன்று மாதம் முன்பு அதைப் படம் பிடித்து, 'நீச்சல் குளம் திறந்தாச்சு, துண்டோட வாங்க' என்று கூட வேலை பார்ப்பவர்களுக்கு அனுப்பினேன். எவனோ எவனுக்கோ அனுப்பி, அது ஊரெல்லாம் சுற்றி வெள்ளமாகத் திரும்பியிருக்கிறது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

மதியமே கம்பெனி மறுப்பு சொல்லிவிட்டது. காலையில் பாதியாக விழுந்த பங்கு விலை மூன்று மணிக்குள் பழைய இடத்துக்கே ஏறிவிட்டது. பேசாமல் இருந்தவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அக்கா பதினோரு மணிக்கே தன் பங்குகளை எல்லாம் பாதி விலைக்கு விற்றிருந்தாள்.

அக்கா தையல்காரி. அவள் வாடகைக்கு வைத்திருக்கும் கடையை உரிமையாளர் விற்கிறார். மாதக் கடைசிக்குள் பணம் கொடுத்தால் அவளுக்கு, இல்லாவிட்டால் பக்கத்து மருந்துக்கடைக்காரருக்கு. அதற்காகச் சேர்த்ததை எங்கள் கம்பெனிப் பங்கில் போடச் சொன்னவனும் நான்தான்.

பம்ப் வேலைக்குப் போடும் மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து வந்து என் தோளைத் தொட்டாள். பிறகு மெஷினுக்கே திரும்பிப்போய் ஒரு சட்டைக்குக் கை வைக்க ஆரம்பித்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

"கண்டதையும் நம்பிடுவியாக்கா? என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டு வித்திருக்கலாம்ல?"

"கேக்கத்தான் கூப்பிட்டேன். உங்க ஆபீஸ் லைனும் கிடைக்கல."

என் ஃபோனை வாங்கி அந்தப் படத்தைப் பெரிதாக்கினாள். ஓரத்தில், விருந்தாளியை அழைப்பதுபோல நான் நீட்டிய இடது கை. மஞ்சள் மழைக்கோட்டின் முழங்கையில் நீலத் துணி ஒட்டுப்போட்டிருந்தது.

"இது என் தையல்டா. இத எப்படி நம்பாம இருப்பேன்?" என்றாள். "விலை விழுந்துச்சேன்னா வித்தேன்? அதை யார் பார்த்தா. உன்னைத் தூக்கிட்டு வந்தா ஆஸ்பத்திரிக்குக் கட்டணுமேன்னு வித்தேன். நாளைக்குக் கைக்கு வந்துடும்னாரு தரகர்."

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டியது, வரவில்லை. உள்ளே மரத்துப்போய்க் கிடந்தது. சுவரில் தொங்கிய அளவு நாடாவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இந்தப் படத்த எடுத்தவன் நல்லா இருப்பானா?" என்றாள் அக்கா, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

"நான்தான்க்கா எடுத்தேன்."

அவள் வாயில் நூல் அப்படியே நின்றது. நீச்சல் குளம், துண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோட்டக் கழட்டு," என்றாள். "அந்த முழங்கையும் கிழிஞ்சிருக்கு."

கழற்றிக் கொடுத்தேன். அக்கா நீலத் துணியைத் தேட ஆரம்பித்தாள்.