ஏழாம் எண் அறை போன இடம்

ஹாதர்பி நகராட்சி, பெண்கள் காப்பகத்துக்குக் கொடுத்துவந்த தொகையில் ஏழில் ஒரு பங்கை வெட்டிய செவ்வாய்க்கிழமை காலையில், காப்பகத்தின் ஏழு அறைகளில் ஒன்று காணாமல் போனது. இடியவில்லை, எரியவில்லை. இரண்டாம் எண்ணுக்கும் நான்காம் எண்ணுக்கும் நடுவே வெறும் சுவர் இருந்தது, அவ்வளவுதான். இருபது வருடமாகக் காப்பகத்தை நடத்திவந்த பெரில் சுவரைத் தட்டிப் பார்த்தாள், தேநீர் போட்டுக் குடித்தாள், மறுபடியும் தட்டிப் பார்த்தாள். மறுநாள் மதியம், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் நார்மன் வந்து தொப்பியைக் கழற்றினார். “எங்க வீட்டு மாடியில ஒரு ரூம் வந்திருக்கு, கண்ணு. உள்ள ஒரு பொண்ணும் ரெண்டு பசங்களும் இருக்காங்க. கதவுல மூணுன்னு போட்டிருக்கு. உங்களோடதா?”

“எங்களோடதுதான். சாப்பிட்டாங்களா?” என்றாள் பெரில்.

“அவங்க சாப்பிட்டாச்சு. என் வீட்டுக்காரிதான் இன்னும் அடுப்ப விட்டு நகரல.”

அதன்பிறகு நான்கு வருடங்களில் நகராட்சி ஐந்து முறை வெட்டியது, ஐந்து அறைகள் போயின. ஒன்று பாதிரியார் வீட்டுக்கு, ஒன்று ரொட்டிக் கடை மாடிக்கு. மீன் வறுவல் கடைக்கு மேலே போய் ஒட்டிக்கொண்ட அறையில் இருந்தவளுக்கு ஒரே ஒரு குறை, வறுத்த மீன்மேல் தெளிக்கிற வினிகரின் வாசம் தலைமுடியில். தெருவிலிருந்து பார்த்தால் எந்த வீடும் ஓர் அங்குலம்கூட அகலமாகவில்லை. ஊர் இதற்குச் சீக்கிரமே பழகிவிட்டது. அறை வந்தால் போர்வை கொடுப்பார்கள், குப்பைத் தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைப்பது என்று சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் இதை நகராட்சியின் புண்ணியம் என்று யாராவது சொன்னால், அந்த வாயில் அதே வினிகரை ஊற்றலாம். நான்கு பேர் பார்த்த வேலையைப் பெரில் ஒருத்தியே, தேய்ந்த மூட்டுகளோடு சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தாள். கடைசி ஒரு வருடம் சம்பளமும் கிடையாது. தொலைபேசியில் அடைக்கலம் கேட்டவளிடம் “இடமில்லம்மா” என்று சொன்ன நாட்களில் அவளுக்குச் சோறு இறங்காது.

ஐந்தாம் வருடம் மார்ச் மாதம், மிச்சமிருந்ததையும் துடைத்தெடுத்தார்கள். ஏழாம் எண் அறை போனது. அதற்குள் ஸ்டேசியும் அவளுடைய நான்கு வயது மகள் எல்லியும் இருந்தார்கள். ஸ்டேசியின் இடது மணிக்கட்டை இரண்டு முறை உடைத்த புருஷன் வெய்ன், அவளைத் தேடி மதுக்கடை மதுக்கடையாக விசாரித்துக்கொண்டிருந்தான். இந்த முறை யாரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வரவில்லை. ஒரு நாள் போனது, மூன்று நாள் போனது. பெரில் இருநூறு கதவுகளைத் தட்டினாள். அறை அடியோடு இல்லாமலே போய்விட்டதோ என்று காப்பகத்துச் சுவரையும் மறுபடி தட்டிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பேருந்து நிறுத்தத்தில் டோரீன் அவள் கையைப் பிடித்தாள். டோரீன் வெய்னைப் பெற்றவள். “ஏழாம் நம்பர் என்கிட்ட இருக்கு” என்றாள்.

“நாலு நாளா ஏன் சொல்லல?” என்று கேட்டாள் பெரில்.

“ரூம் கதவுல நோட்டீஸ் ஒட்டியிருக்கே. இந்த முகவரிய யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு. நீயும் யாரோதானே? அப்புறம் அந்தப் பொண்ணுதான், பெரில்கிட்ட சொல்லலாம்னு சொல்லிச்சு.”

அந்த நோட்டீஸை ஒட்டியவள் பெரில்தான். காப்பகத்துப் பெண்கள் வாடகை வண்டியைக்கூட இரண்டு தெரு தள்ளித்தான் நிறுத்துவார்கள். விதியை எழுத்துக்கு எழுத்து மதித்தவள் ஊரில் டோரீன் ஒருத்திதான் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

அறை டோரீனின் சமையலறைக்குப் பின்னால் இருந்தது. ஸ்டேசி கட்டிலில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். மாமியார் மூன்று வேளையும் தட்டை வைத்துவிட்டுப் போவாளாம். அதிகம் பேசுவதில்லை. அவர்களை வேறு ஊருக்குக் கொண்டுபோகப் பெரில் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோதே வாசல் கதவு திறந்தது. ஞாயிறு ஒரு மணிக்கு அம்மா கையால் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் சாப்பிட வெய்ன் வருவது வழக்கம். அன்றைக்கு முன்னதாகவே வந்துவிட்டான். எல்லி தும்மினாள்.

“என்ன சத்தம்?”

“பைப்பு.”

“இந்தக் கதவு எப்ப வந்துச்சு?”

“நகராட்சிக்காரங்க போட்டது. அவனுங்க நம்மள கேட்டா செய்றானுங்க?”

வெய்ன் எழுந்து வந்து கதவைத் திறந்தான். மூன்று பேரும் அவனை நேருக்கு நேர் பார்த்தார்கள். ஸ்டேசி குழந்தையின் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். வெய்ன் அங்கும் இங்கும் பார்த்தான். “தொடப்பம் வைக்க இவ்வளவு பெரிய கதவா?” என்று முனகி மூடிவிட்டுப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தான். நகராட்சி இல்லை என்று எழுதிவிட்ட அறை, அவன் கண்ணுக்கும் இல்லை. பெரில் ஏழு எண்ணும்வரை மூச்சு விடவில்லை.

வாயில் இறைச்சியோடு அவன் சொன்னது சுவர் வழியாகக் கேட்டது. “அவ மட்டும் கையில கெடைக்கட்டும், இந்தத் தடவ கையோட விடமாட்டேன்.” அடுத்ததாகக் கேட்டது தட்டு இழுபடும் சத்தம். டோரீன் பாதி சாப்பிட்ட தட்டை அவன் முன்னாலிருந்து எடுத்துவிட்டாள்.

“உங்கப்பன் இருபத்தாறு வருஷம் இந்த மேசையில வச்சுத்தான் என்ன அடிச்சான். நான் ஓடி ஒளிய ஒரு ரூம் இல்ல. நீ அத பாத்துப் பாத்து வளந்த. உன்ன அப்படி வளர விட்டது என் தப்புதான். ஆனா இனிமே உனக்கு இங்க சோறு கெடையாது.”

“அம்மா, உனக்கு என்ன பைத்தியமா?”

“ஆமாடா. கோட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்பு.”

அவன் கிளம்பினான். அடுத்த ஞாயிறு மன்னிப்பு கேட்கவோ சண்டை போடவோ திரும்பி வந்தவன், அம்மாவின் பதினோராம் எண் வீட்டைக் காணாமல், ஒற்றை எண் வரிசையில் ஒன்பதுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே ஒரு மணிநேரம் நடந்துவிட்டுப் போனான். தபால்காரருக்கு மட்டும் எந்தச் சிரமமும் இல்லை. ஸ்டேசியை அனுப்ப வேண்டிய தேவையும் வரவில்லை. எல்லி அதே தெருவில் பள்ளிக்கூடம் போனாள், பாட்டியிடம் சீட்டாட்டத்தில் ஏமாற்றக் கற்றுக்கொண்டாள்.

அந்த முதல் ஞாயிறு, வெய்ன் போனதும், பெரில் பையிலிருந்து சேர்க்கைப் படிவங்களை எடுத்தாள். அறை இடம் மாறினால் புதிதாக எழுத வேண்டும். ஸ்டேசிக்கு எழுதி முடித்ததும் டோரீன் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். “எனக்கும் ஒண்ணு எழுது.”

“உங்க வீட்டுக்காரர் செத்துப் பதினோரு வருஷமாச்சே, டோரீன்.”

“தெரியும். எழுது.”

பெரில் எழுதினாள். பெயர், வயது அறுபத்தெட்டு, எத்தனை வருடமாக, கடைசியாக எங்கே அடிபட்டது. டோரீன் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள், இரண்டு இடங்களில் திருத்தினாள், கீழே கையெழுத்துப் போட்டாள். மாலையில் அவளுடைய படுக்கையறைக் கதவில் எட்டு என்று ஒரு பித்தளை எண்ணும், உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் இருந்தன. அவள் தாழ்ப்பாளை இரண்டு முறை போட்டுத் திறந்து பார்த்தாள், கொஞ்சம் எண்ணெய் விட்டாள், பிறகு தூங்கப் போனாள்.