இடப்பக்கம் வளைந்த நுனி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்காகத் தோன்றியதல்ல. அண்ணி எழுதச் சொன்னது. "ஒரே ஒருத்தர் படிச்சாப் போதும்" என்றார். எழுதுகிறவனிடம் இதைவிட மோசமாக எதையும் சொல்ல முடியாது.

முதல் தொடக்கம்: 'அருங்காட்சியகத்தின் சன்னல் வழியே இளவெயில்…' வேண்டாம். அண்ணி வேலை பார்க்கும் அறைக்குச் சன்னலே கிடையாது.

இரண்டாவது: 'வண்டின் ஆணுறுப்பு…' சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில், "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டு அசடு வழிந்தவன்தான் நானும்.

2

அரிசி நீளம்கூட இல்லாத வண்டு. அதை வெந்நீரில் ஊறவைத்து, நுனி வளைந்த ஊசியை வயிற்றின் பின்பக்கம் நுழைத்து, உறுப்பை உடையாமல் வெளியே இழுப்பார் அண்ணி. அதுவரை மூச்சு விடமாட்டார். காரநீரில் போட்டால் சதை கரைந்து கெட்டியான ஓடு மட்டும் மிஞ்சும்.

ஒருநாள் நுண்ணோக்கியில் எனக்குக் காட்டினார். தேன் நிறத்தில் நடுக்குழல். அதன் இருபுறமும் நுனியில் மயிர் வைத்த இரண்டு கைகள். குழலுக்குள் மடித்து வைத்த ஒரு பை. வேளை வரும்போது காலுறையைப் புரட்டுவதுபோல வெளியே புரளுமாம். அதன்மேல் வரிசை வரிசையாக முட்கள். இத்தனையும் வேலையில்லாத நேரத்தில் வயிற்றுக்குள் ஒருக்களித்துப் படுத்திருக்கும். நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவே மனம் வரவில்லை.*

வெளியே பார்த்தால் இந்த வண்டுகளில் ஓர் இனத்துக்கும் அடுத்ததற்கும் வித்தியாசமே தெரியாது. உள்ளே இதைப் பார்த்துத்தான் பெயர் வைக்கிறார்கள்.

(* 'பூட்டும் சாவியும்போல' என்று எழுதியிருந்தேன். அண்ணி அடித்துவிட்டார். "எல்லா வண்டுக்கும் அப்படிச் சொல்லிட முடியாதுப்பா. அழகா இருக்குன்னு எழுதாதே.")

3

இருபது வருஷத்துக்கு முன்னால் அண்ணியிடம் ஒரே ஒரு ஆண் வண்டு வந்தது. மற்றதெல்லாம் ஏற்கெனவே தெரிந்த ஓர் இனம்போலவே இருந்தது. குழலின் நுனி மட்டும் இடப்பக்கம் வளையாமல் வலப்பக்கம் வளைந்திருந்தது. புது இனம் என்று அறிவித்து, அதற்குத் தன் கணவர் பெயரையே சூட்டினார்.

கணவர் என்றால் என் அண்ணன். லிப்ட் மெக்கானிக். அன்றுமுதல் அவன் கால் தரையில் படவில்லை. லிப்டில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம்கூட, "பயப்படாதீங்க, என் பேர்ல ஒரு வண்டே இருக்கு" என்று சொல்லிக்கொண்டுதான் கதவைத் திறப்பான்.

போன மாதம் அண்ணி அந்தப் பழைய உறுப்பை எடுத்து ஊசியால் லேசாகப் புரட்டினார். நுனி இடப்பக்கம் வந்து நின்றது. மேல்புறம் என்று நினைத்து, அன்று அடிப்புறத்தை வரைந்திருக்கிறார். அப்படி ஓர் இனமே இல்லை.

4

அழுதார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"யாருக்குத் தெரியப்போகுது? பழையபடி திருப்பி வச்சிடுங்க அண்ணி."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே. நீ கதை எழுதுறவன், இல்லாததை வச்சுப் பொழைச்சுக்குவே. என்னால முடியாதுப்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "திருத்தம் எழுதிட்டேன். இன்னும் அனுப்பலை. உங்க அண்ணன்கிட்டச் சொல்லத்தான் வாய் வரமாட்டேங்குது."

தன் கையால் வைத்த பெயரைத் தன் கையாலேயே எடுக்கிறவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டால் திட்டுவார் என்று டீ போட்டுக் கொடுத்தேன்.

முடிவு அ: அண்ணன் கோபித்துக்கொண்டு… அவன் அப்படிப்பட்டவன் இல்லை.

முடிவு ஆ: நிஜமாகவே வலப்பக்கம் வளைந்த இன்னொரு வண்டு அகப்படுகிறது. இது என் ஆசை. இதையும் அண்ணி அடித்துவிட்டார்.

5

படிக்க வேண்டிய அந்த ஒருத்தர் நீதான் அண்ணா.

உன் பெயர் அழியாதாம். சரியான பெயருக்குக் கீழே, பிழை என்ற குறிப்போடு, வண்டினங்களின் பட்டியலில் என்றைக்கும் இருக்குமாம். அண்ணி பக்கத்து அறையில்தான் இருக்கிறார், கதவைச் சாத்தாமல். உன் காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டுதான் இருப்பார். எழுந்து போய் நீ முதலில் என்ன சொல்கிறாயோ, அதுதான் இந்தக் கதையின்…