ஒரிஜினல் வாங்கிய ஆள்

கம்பம் ஊரில் வீட்டுப் பிளான் போடுகிறவர்கள் ஒன்பது பேர். அதில் எட்டுப் பேரிடம் இருந்தது திருட்டு சிடி. காசு கொடுத்து ஒரிஜினல் சாஃப்ட்வேர் வாங்கிய ஒரே கூறுகெட்ட மனுசன் மீரான் மைதீன்தான்.

கூறுகெட்டவன் என்று அவரே தன்னைச் சொல்லிக்கொள்வார்; வேறு யாராவது சொன்னால் சண்டைக்குப் போவார். களவுச் சாமானை வைத்துச் சம்பாதிக்கிற சோறு ஹராம் என்பது அவர் கட்சி. அதனால்தான் பெண்பிள்ளைகள் மதரசாவுக்குக் கட்டடம் என்று பேச்சு வந்தபோது, ஜமாஅத் தலைவர் ராஜா முகம்மது, "அல்லா பேரச் சொல்லிக் கட்டுறது. களவு கலக்கக் கூடாது. நம்ம மைதீனே போடட்டும்" என்று சபையிலேயே சொல்லிவிட்டார். அன்றைக்கு மைதீன் வீட்டுக்கு நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே, கால் தரையில் பாவவில்லை.

அந்தப் பிளான்தான் இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள், கட்டட அனுமதி கொடுக்கிற தேனி ஆபீசில் இருந்தாக வேண்டும். கிணற்றிலிருந்து கக்கூஸைத் தள்ளிப் போடு என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். இன்று தவறினால் இனி அடுத்த வருசம்தான். இப்போது பிள்ளைகள் ஓதுவது கக்கூஸே இல்லாத தகரக் கொட்டகையில். அவர் மகள் பெனாசிர் அங்கே போகிற நாளெல்லாம் ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் பிள்ளை எங்கே போகும்?

காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டரைப் போட்டார். பிளான் திறக்கவில்லை. திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்து நின்றது. முந்தின நாள் சாயங்காலம் சாஃப்ட்வேர் தன்பாட்டுக்கு இன்டர்நெட்டில் புது வெர்ஷனை இறக்கி, தன்பாட்டுக்கு மாற்றியும் கொண்டிருந்தது. பழைய லைசென்ஸ் நம்பர் இனிச் செல்லாதாம். ஆன்லைனில் கணக்குத் தொடங்கித்தான் உள்ளே வரவேண்டுமாம்.

"யாரக் கேட்டு மாத்துனீக? எவன் வீட்டுச் சாமான்னு நெனப்பு?" என்று திரையைப் பார்த்துக் கத்தினார்.

கணக்கும் தொடங்கினார். பேர், ஊர், பிறந்த தேதி எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு, சரிபார்க்க நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகும் என்றது. உதவி எண்ணுக்குப் போன் போட்டார். முக்கால் மணி நேரம் பாட்டு ஓடிய பிறகு ஒரு பெண் பேசியது.

"எங்க புது ஆன்லைன் சேவைக்கு உங்கள வரவேற்கிறோம் சார்."

"வரவேற்பெல்லாம் கிடக்கட்டும்மா. என் பிளானத் தொறந்து விடு."

"வெரிஃபிகேஷன் முடியணும் சார். பழைய முறைய நிறுத்திட்டோம். இனிமே நீங்க வரையுறத உலகத்துல எங்க இருந்தும் பார்க்கலாம், நண்பர்களோட பகிர்ந்துக்கலாம்."

"எந்த நண்பன்மா எங்கிட்ட கக்கூஸ் பிளான் கேட்டான்? பிரின்ட் எடுத்தா சுவத்துக் கோடு தடிச்சு மொத்தமா விழுதுன்னு மூணு வருசமா எழுதுறேன். அதச் சரிபண்ண அங்கன ஒரு நாதியில்ல. யாரும் கேக்காததுக்கு மட்டும் ஓடி வர்றீக!"

"உங்க கருத்த எங்க இணையதளத்துல பதிவு பண்ணுங்க சார்."

"அதுக்குள்ள போகவும் அந்தக் கணக்குத்தான வேணும்?"

"ஆமா சார்."

மைதீனுக்கு வந்த கோபத்தில் போனைச் சுவரில் எறிந்திருப்பார். அது பெனாசிரின் போன் என்பதால் தப்பித்தது. காசை வாங்கிக்கொண்டு கடையைச் சாத்துகிறவனை ஊரில் கையோடு பிடித்து நாலு கேள்வி கேட்கலாம். இவன்களை எங்கே போய்ப் பிடிப்பது? எந்த ஊரில் இருக்கிறான்கள் என்றுகூடத் தெரியவில்லை.

சத்தம் கேட்டு எதிர்க்கடை பொன்னுராஜ் எட்டிப் பார்த்தான். அவனும் பிளான் போடுகிறவன்தான், திருட்டு சிடிக்காரன்.

"பாய், ஃபைல பென் டிரைவ்ல கொண்டாங்க. நேத்துவர நீங்க வச்சிருந்த அதே வெர்ஷன்தான் நம்மகிட்டயும். நெட்டே குடுக்கல, அது பாட்டுக்கு ஓடுது."

"களவுச் சாமானத் தொட மாட்டேன்னு ஒனக்குத் தெரியாதா?"

"அப்ப அடுத்த வருசம் குடுங்க" என்றான் பொன்னுராஜ். அவன் குத்தலாகச் சொல்லவில்லை. அதனாலேயே மைதீனுக்குச் சுருக்கென்றது.

மூன்று மணி வரை அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினார். அப்புறம் ராஜா முகம்மது போன் செய்தார். "மைதீனு, நான் தேனி ஆபீஸ் வாசல்லதான் நிக்கிறேன். கெளம்பிட்டியாப்பா?"

"இந்தா, கெளம்பிட்டேன் மாமா" என்று சொல்லிவிட்டுப் பென் டிரைவை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குள் போனார்.

பொன்னுராஜின் கம்ப்யூட்டரில் பிளான் பொசுக்கென்று திறந்தது. கக்கூஸைத் தள்ளிப் போட்டு, பிரின்ட் எடுத்து முடிக்க இருபது நிமிசம். சுவத்துக் கோடு மட்டும் அங்கேயும் மொத்தமாகத்தான் விழுந்தது. காசு கொடுத்தவனுக்கும் கொடுக்காதவனுக்கும் அந்தப் பாழாய்ப்போன கம்பெனி அந்த ஒன்றில்தான் பேதம் பார்க்கவில்லை.

ஐந்துக்குப் பத்து நிமிசம் இருக்கும்போது ஆபீசில் பிளானை வாங்கிக்கொண்டார்கள். ராஜா முகம்மதுவுக்குக் கண் கலங்கிவிட்டது. கம்பத்துக்குத் திரும்புகிற பஸ்ஸில் மைதீன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "சுத்தமான கைப்பா ஒன் கை. பிள்ளைக கையேந்திக் கேக்குற துஆ ஒனக்குத்தான்" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். மைதீன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சின்னமனூர் தாண்டும்போது, கையோடு கொண்டுவந்திருந்த பெனாசிரின் போன் அடித்தது. அதே பெண்.

"காலையில ஒரு புகார் சொல்லியிருந்தீங்க சார். பிரச்சினை தீர்ந்துருச்சா?"

"தீந்துருச்சு."

"ரொம்ப சந்தோஷம் சார். எப்படித் தீர்ந்ததுன்னு தெரிஞ்சுக்கலாமா? எங்க பதிவுக்காக."

பொய் சொல்லியிருக்கலாம். உள்ளே கிடந்தது அதற்குள் வாய்க்கு வந்துவிட்டது.

"களவாண்டேன்மா" என்றார் மைதீன். பஸ் முழுக்கக் கேட்டது. "காசு குடுத்து வாங்குனதத் தொறக்க மாட்டேன்னுட்டீக. திருட்டு சிடியில போட்டேன், தொறந்துருச்சு. மதரசா பிளானு. எழுதிக்க."

ராஜா முகம்மது மைதீன் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.