மணிக்கு ஒரு டம்ளர்

இந்தக் காலத்தில் உயிர் போவதற்கு முன்பே வாட்ஸப்பில் மாலை போட்டுவிடுகிறார்கள். பந்தல்காரன்கூட வந்தாயிற்று. உள்ளே காளியண்ணனின் அக்கா ராமாயிக்கு இன்னும் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. உறவுகள் ஒவ்வொருவராகப் பால் ஊற்றினார்கள்.

காளியண்ணனின் மருமகள் சித்ரா அவரிடம் பால் டம்ளரை நீட்டினாள். "மாமா, கூடப் பொறந்தவங்க ஊத்தாம உசுரு எப்படிங்க பிரியும்?"

"இழுக்கட்டும். அந்தப் புள்ளைக்கு அவ ஒரு வாய் குடுத்தாளா?"

சித்ராவின் மகள், அவர் பேத்தி தனப்பிரியா கட்டிலோரம் சக்கர நாற்காலியில் இருந்தாள். முதுகுத்தண்டு மூடாமல் பிறந்தவள். சிறுநீர் அவளுக்குச் சொல்லிக்கொண்டு வராது. சேலத்து டாக்டரம்மா எழுதித் தந்த சீட்டை, ஒருவர் படித்ததை நம்பாமல் இரண்டு பேரைப் படிக்கச் சொல்லித்தான் காளியண்ணன் மனதில் ஏற்றினார். மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர். மலம் இறுகாமல் இருக்கக் கீரை, கொய்யா, ராகிக்களி. பிஸ்கட், வறுவல் கூடாது. எடை ஏறினால் கையூன்றி எழ முடியாது. அவர் காட்டுக்கும் சித்ரா மில்லுக்கும் போனபின், பள்ளி நேரம் போக மற்ற நேரம் தண்ணீர் கொடுப்பது ராமாயியின் வேலை.

போன மாதம் தனப்பிரியாவைக் காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "புள்ள தண்ணியே குடிக்கிறதில்லையா? ஒரு கிட்னி கெட்டுப்போச்சே" என்றார் டாக்டரம்மா. ராமாயி தலையைக் குனிந்துகொண்டாள். அன்றோடு காளியண்ணன் அக்காவிடம் பேச்சை நிறுத்தினார்.

இப்போது டம்ளரை வாங்கிக் குனிந்தார். ராமாயியின் உதடு பிரிந்தது.

"தாகமா இருக்குதாக்கா? அந்தப் புள்ளைக்கும் இப்படித்தான இருந்திருக்கும்."

ஊற்றாமல் நிமிர்ந்தார்.

"மாமா!" சித்ரா பதறினாள். உதடு இரண்டு தரம் அசைந்தது. பிறகு அசையவில்லை.

ஒப்பாரி எழுந்தது. தனப்பிரியா மட்டும் அழாமல் தாத்தாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பாரு, ஆத்தா மணிக்கு மணி குடுத்துச்சுங்க. நாந்தானுங்க ஜன்னல்ல ஊத்துனேன். ஸ்கூல் வேன்ல எல்லாரும் மூக்கப் புடிக்கிறாங்க. யாருகிட்டயும் சொல்லாதன்னு ஆத்தாகிட்டச் சத்தியம் வாங்கிட்டேன்."

"செத்தவளுக்குப் பரிஞ்சு பேசாத சாமி."

"நெசமாலுமுங்க."

"அவதான் இப்படிச் சொல்லோணும்னு சொல்லிக் குடுத்திருப்பா."

டம்ளரைச் சித்ராவின் கையில் திணித்தார். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில் இரண்டை மாட்டிக்கொண்டு கரும்புக்காட்டு வரப்பில் இறங்கினார். கொஞ்ச தூரம் போனதும் ஒரு கால் கடித்தது. ஒன்று தன்னுடையது, மற்றது யாருடையதோ. நிற்காமல் நடந்தார்.